மணலியிலிருந்து மும்பைக்கு: இருபது ஆண்டுத் தரவுத்தளம் ஒன்றை இடம் மாற்றிய பதிவு

வடசென்னையின் மணலியில் உள்ள எங்கள் கன்டெய்னர் யார்டின் தரவுத்தளம் 2004 முதல் ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில், ஒரே அறையில் இருந்து வந்தது. கேட்டில் நுழையும் ஒவ்வொரு டிரெய்லரும், எடைமேடையில் இறங்கும் ஒவ்வொரு சிட்டும், தரைவாடகைக் கணக்கும், கிளியரிங் ஏஜென்டுகளுக்குப் போகும் பில்லும் அந்த அறையை நம்பியே நடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலியின் பல பகுதிகளைப் போலவே எங்கள் வளாகத்திலும் தண்ணீர் ஏறியது. யூபிஎஸ் பேட்டரிகள் முழுதும் நனைந்துவிட்டன. சர்வர் இருந்த ரேக்கின் கீழ்த்தட்டுக்கு நான்கு விரற்கடை கீழே தண்ணீர் நின்றது. காப்பு நகல்கள் இருந்த டிஸ்குகளும் அதே கட்டடத்தின் முதல் மாடியில்தான் இருந்தன என்பதை அன்று இரவு நினைத்தபோது எனக்கு உறக்கம் வரவில்லை. தரவைக் கிளவுடுக்கு மாற்ற வேண்டும் என்ற முடிவு அந்த வாரத்திலேயே எடுக்கப்பட்டது. அதைச் செய்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று அதன் விவரங்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது சென்டாஸ் 7 என்ற இயங்குதளத்தின் மீது போஸ்ட்கிரெஸ் 11 என்ற தரவுத்தள மென்பொருள். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2023 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. சென்டாஸ் 7-க்கு 2024 ஜூனில் முடிந்தது. ஆகவே இடம் மாறுவதோடு பதிப்பும் மாற வேண்டியிருந்தது. சேருமிடம் போஸ்ட்கிரெஸ் 16 என்று முடிவு செய்தோம். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் பெரிய தரவு மையங்கள் இருக்கும்போது மும்பையில் உள்ள கிளவுட் எதற்கு என்று நிர்வாகம் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் தப்பிக்க நினைத்ததே வங்கக் கடல் புயல்களிடமிருந்து. அதே புயலின் பாதையில் இன்னோர் இடத்தில் கொண்டுபோய் வைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. மேற்குக் கடற்கரைக்கும் மழை உண்டு என்றாலும், மணலியும் மும்பையும் ஒரே நாளில் மூழ்குவது அரிது.

மொத்த அளவு 1.8 டெராபைட். அதை அப்படியே ஏற்றுவதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். அதில் 1.2 டெராபைட் கன்டெய்னர்களின் புகைப்படங்கள்: உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் நான்கு பக்கமும் எடுப்பவை, ஓர் அட்டவணைக்குள் பைட்டுகளாகவே சேமிக்கப்பட்டிருந்தன. மீதி 600 ஜிகாபைட்டில் 220 ஜிகாபைட் இண்டெக்ஸ்கள், அதாவது தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்கள். இண்டெக்ஸ்களைக் கம்பி வழியே அனுப்பத் தேவையில்லை, சேருமிடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். எனவே தரவுத்தளமாக உண்மையில் பயணம் செய்ய வேண்டியது 380 ஜிகாபைட் மட்டுமே. விநாடிக்கு 100 மெகாபிட் முழுமையாகக் கிடைத்தால் அதற்கு எட்டரை மணி நேரம் போதும். புகைப்படங்களுக்கு ஏறத்தாழ 27 மணி நேரம் ஆகும். புகைப்படங்கள் ஒருமுறை எழுதியபின் மாறுவதில்லை என்பதால் அவற்றைத் தனியே பிரித்து, யார்டின் வேலை குறையும் இரவு நேரங்களில் ஆறு இரவுகளாக, கோப்புகளை அப்படியே வைக்கும் கிளவுட் கிடங்கான பொருள் சேமிப்பகத்துக்கு ஏற்றிவிட்டோம். அட்டவணையில் படத்துக்குப் பதிலாக அதன் முகவரி மட்டும் இருக்குமாறு நிரலையும் மாற்றினோம். இந்த ஒரு பிரிப்பு மற்ற எல்லா வேலைகளையும் மூன்றில் ஒரு பங்காக்கியது. பெரிய தரவுத்தளம் என்று சொல்லும்போது அதில் எவ்வளவு உண்மையிலேயே தரவுத்தளம் என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

யார்டு இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவது. கேட்டை ஒரு மணி நேரம் மூடினால் லாரி வரிசை எம்.எஃப்.எல். சந்திப்பு வரை நீண்டுவிடும். எனவே நிறுத்தி வைத்து நகலெடுக்கும் வழியை விட்டு, லாஜிக்கல் ரெப்ளிகேஷன் முறையைத் தேர்ந்தெடுத்தோம். பழைய சர்வர் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் வால் எனப்படும் பதிவுக் கோப்புகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் புதிய சர்வருக்குப் போய்ச் சேரும். இரண்டும் சமநிலைக்கு வந்தபின் ஓர் இரவில் மாறிக்கொள்ளலாம். இதற்குப் பழைய சர்வரின் ஓர் அமைப்பை மாற்றி ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும்.

அந்த முறையைத் தொடங்குமுன், தரவு முழுவதையும் ஒரு கோப்பாக்கும் வழக்கமான டம்ப் ஒன்றை எடுத்துப் புதிய சர்வரில் ஒத்திகையாக ஏற்றிப் பார்த்தேன். ஓட்டுநர் பெயர் அட்டவணையிலேயே அது நின்றுவிட்டது: ஒருங்குறியை (யூனிகோட்) சேமிக்கும் வடிவமான யூடிஎஃப்-8-க்கு ஒவ்வாத பைட் வரிசை என்று பிழை. இங்கிருந்துதான் இந்த வேலையின் உண்மையான பகுதி தொடங்கியது.

2004-இல் தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் அதன் எழுத்துக் குறியாக்கத்தை எஸ்கியூஎல்-ஆஸ்கி என்று விட்டிருந்தார்கள். அது பெயரளவில்தான் ஒரு குறியாக்கம். எந்த பைட்டைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்நாளில் ஓட்டுநர்களின் பெயர்களைத் தமிழில் பதிய விரும்பிய யாரோ ஒருவர், 1999-இல் தமிழக அரசு தரமாக அறிவித்த டாப் குறியாக்க எழுத்துருவைக் கொண்டு பதிந்திருக்கிறார். அரசே 2010-இல் ஒருங்குறிக்கு மாறியபின் எங்கள் நிரலும் மாறியது. ஆனால் அட்டவணையில் ஏற்கெனவே இருந்த வரிசைகள் பழைய பைட்டுகளாகவே தங்கிவிட்டன. அட்டவணையின் ஒரே பத்தியில் (நெடுவரிசையில்) இரண்டு காலத்துத் தமிழ் அருகருகே இருந்தது. பழைய சர்வருக்கு இரண்டும் ஒன்றே.

இவற்றை மாற்ற எழுதிய நிரலில் எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டால் போதாது. டாப் போன்ற பழைய குறியாக்கங்கள் கண்ணில் தெரியும் வரிசையில் எழுத்துகளைச் சேமிப்பவை. ஒற்றைக் கொம்பு முதலில், அதன்பின் மெய். ஒருங்குறியோ மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைக்கிறது. எனவே ஒவ்வொரு கொம்பையும் அடுத்த எழுத்தைத் தாண்டி நகர்த்த வேண்டும். கொம்பும் காலும் சேர்ந்து வந்தால் ஒகரக் குறியாக இணைக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் ஔகாரத்தில் இருந்தது. அக்குறியின் வலப்பாதி பார்ப்பதற்கு ளகரம் போலவே இருப்பதால், பதிந்தவர்கள் பெரும்பாலும் ளகர எழுத்தையே தட்டியிருந்தார்கள். கௌரி என்பவர் கெளரி ஆகிவிடுவார். உண்மையிலேயே ளகரம் வர வேண்டிய பெயரை ஔகாரமாக்கினாலும் தவறு. இயந்திரத்தால் தீர்க்க முடியாத இத்தகைய 212 பெயர்களைத் தனிப் பட்டியலாக எடுத்து வைத்தோம். ஓட்டுநரின் பெயர் தவறாக இருந்தால் கேட் பாஸும் உரிமமும் பொருந்தாமல் போகும். வெயிலில் லாரியோடு நிற்பவர் அவர்தான். இதை ஊகித்து முடிப்பதற்கு எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

பழைய சர்வரிலேயே அனைத்தையும் திருத்தி முடித்த மறுநாள் சரிபார்த்தால் மூன்று புதிய வரிசைகள் பழைய பைட்டுகளோடு வந்திருந்தன. அதற்கடுத்த நாள் ஐந்து. தேடிக்கொண்டு போனபோது பின்பக்க எடைமேடையின் கணினிக்கு வந்து சேர்ந்தேன். அதில் இன்னும் பழைய விசைப்பலகை மென்பொருளே இருந்தது. எடைமேடையைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வரும் அண்ணனிடம் கேட்டேன்.

“அண்ணே, இந்தக் கம்ப்யூட்டரை மாத்தச் சொல்லி யாருமே வரலையா?”

“நல்லாத்தானே ஓடுது தம்பி, இதுல என்ன கொறை?” என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. அவர் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. பழைய விசை அமைப்பிலேயே அவர் தட்டுமாறு, ஆனால் ஒருங்குறியில் பதியுமாறு, அந்தக் கணினியை மாற்றிக் கொடுத்தேன். இத்தனை நாள் பழகிய கையை நம் வசதிக்காக மாற்றச் சொல்லத் தேவையில்லை.

அதே 2004 முடிவின் இன்னொரு விளைவு வரிசைப்படுத்தலில் வந்தது. பழைய தரவுத்தளத்தின் ஒப்பீட்டு முறை ‘சி’, அதாவது வெறும் பைட் ஒழுங்கு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அனைத்தும் சிறிய எழுத்துகளுக்கு முன்னால் வரும். கிளவுடில் இயல்பாக அமைந்ததோ மொழிசார்ந்த ஒழுங்கு. இது இரண்டு இடங்களில் எங்களைத் தாக்கியது. முதலாவது தேடல். கேட்டில் இருப்பவர்கள் கன்டெய்னர் எண்ணின் முதல் நான்கு எழுத்துகளைத் தட்டித் தேடுவார்கள். பைட் ஒழுங்கில் கட்டிய சாதாரண இண்டெக்ஸ் இத்தகைய முன்னொட்டுத் தேடலுக்கு உதவும். மொழிசார்ந்த ஒழுங்கில் கட்டியது உதவாது, முழு அட்டவணையையும் படிக்கும். ஒத்திகையில் அரை விநாடித் தேடல் 50 விநாடியாகியது. கன்டெய்னர் எண் பத்திக்கு மட்டும் ‘சி’ ஒழுங்கை வெளிப்படையாகக் கொடுத்து அதைச் சரிசெய்தோம்.

இரண்டாவது, சரிபார்ப்பு. இரு பக்கமும் தரவு ஒன்றே என்று உறுதிசெய்ய, ஒவ்வோர் அட்டவணையையும் பத்தாயிரம் வரிசைகள் கொண்ட துண்டுகளாக்கி, வரிசைகளை அவற்றின் அடையாளமான சாவியின் ஒழுங்கில் அடுக்கி, துண்டுக்கு ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டேன். சிட்டு அட்டவணையில் ஏறத்தாழ ஒவ்வொரு துண்டும் வேறுபட்டது. ஒரு பகல் முழுதும் தரவு இழந்துவிட்டதாகவே நம்பினேன். இழக்கவில்லை, சிட்டு எண்களில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்திருந்ததால் இரு பக்கமும் அடுக்கிய விதம்தான் வேறு. ஒப்பீட்டின்போது இரு பக்கமும் ‘சி’ ஒழுங்கைக் கட்டாயமாக்கியபின் பெரும்பாலானவை பொருந்தின. எடை உள்ள துண்டுகள் மட்டும் அப்போதும் பொருந்தவில்லை. எடை, தசமங்களைத் தோராயமாக வைக்கும் மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிக்கப்பட்டிருந்தது; போஸ்ட்கிரெஸ் 12 முதல் அத்தகைய எண்ணைத் துல்லியம் குன்றாமல் எழுத்தாக்கும் முறை இயல்பாக்கப்பட்டதால், பழையது பதினைந்து இலக்கத்தில் சுருக்கிக் காட்டிய நிகர எடையைப் புதியது வால் நீண்ட தசமமாகக் காட்டியது. உள்ளே இருந்த எண் ஒன்றே. அந்தப் பத்தியின் இரும வடிவத்தை ஹாஷுக்குள் கொடுத்தபின் எல்லாம் பொருந்தின. இதைக் கண்டதால் இன்னொரு நன்மையும் உண்டானது: எடைச் சிட்டில் அச்சாகும் இடத்தில் தசம இலக்கங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்திவிட்டோம். வரிசைகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இவை எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

நேர மண்டலம் குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தில் இருந்தது; நேரப் பத்திகளில் மண்டலக் குறிப்பு இல்லை. கிளவுட் சர்வரோ உலகப் பொது நேரமான யூடிசியில். ஐந்தரை மணி நேர வேறுபாட்டால் நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்தரைக்கும் இடையே நுழைந்த கன்டெய்னர்கள் முந்தைய நாள் கணக்கில் விழுந்தன. தரைவாடகை நாள் கணக்கில் போடப்படுவது. ஒரு நாள் பிசகினால் யாரோ ஒருவர் வேண்டாத பணம் கட்டுவார். தரவுத்தள அளவிலேயே இந்திய நேரத்தை நிலைநிறுத்தினோம்.

ரெப்ளிகேஷனைத் தொடங்கியபோது என் கையால் ஒரு தவறு நேர்ந்தது. 412 அட்டவணைகளில் 37-க்குப் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் சாவி, இல்லை என்பதைக் கண்டு பட்டியலிட்டிருந்தேன். அத்தகைய அட்டவணையை, எவற்றின் மாற்றங்களை அனுப்புவது என்று சொல்லும் வெளியீட்டுப் பட்டியலில் சேர்த்தால், எந்த வரிசை மாறியது என்று சொல்ல அடையாளம் இல்லாததால், பழைய சர்வரிலேயே திருத்தமும் நீக்கமும் மறுக்கப்படும். ரெப்ளிகேஷன் மட்டும் நின்று போவதாக நினைத்துவிடக் கூடாது, நடந்துகொண்டிருக்கும் வேலையே நிற்கும். 36-க்கு அடையாளம் கொடுத்தேன். எடைச் சிட்டு ரத்து அட்டவணை ஒன்று விடுபட்டது. காலை பத்தரைக்கு எடைமேடையிலிருந்து அழைப்பு வந்தது, சிட்டை ரத்து செய்ய முடியவில்லை என்று. முழு வரிசையையும் அடையாளமாகக் கொள்ளும் அமைப்பைக் கொடுத்துப் பதினொரு நிமிடத்தில் சரிசெய்தோம். பட்டியலைக் கையால் வைத்துக்கொள்ளாமல், அடையாளம் இல்லாத அட்டவணைகளைத் தரவுத்தளத்திடமே கேட்டு, விடை வெறுமையாக வந்தால் மட்டுமே தொடங்கியிருக்க வேண்டும்.

அதைவிடக் கடுமையான சோதனை மூன்று வாரம் கழித்து வந்தது. சாலையில் நடந்த தோண்டும் வேலையில் எங்கள் ஃபைபர் அறுந்தது. ரெப்ளிகேஷன் ஸ்லாட் என்பது, மறுமுனை வாங்கிக்கொள்ளும் வரை வால் கோப்புகளை அழிக்காமல் காத்து வைப்பது. அதன் வலிமையும் அதுவே, ஆபத்தும் அதுவே. இணைப்பு இல்லாத ஒவ்வொரு மணிக்கும் 9 ஜிகாபைட் சேர்ந்துகொண்டிருந்தது. டிஸ்கில் காலியாக இருந்தது 210 ஜிகாபைட். டிஸ்க் நிரம்பினால் தரவுத்தளம் நின்றுவிடும், யார்டும் நின்றுவிடும். இத்தனைக்கு மேல் சேர்க்காதே என்று எல்லை வைக்கும் வசதி 13-ஆம் பதிப்பில்தான் வந்தது. எங்களிடம் இருந்தது 11. காலியிடம் 40 ஜிகாபைட்டுக்குக் கீழே போனால் ஸ்லாட்டை நீக்கிவிட்டு, நகலெடுப்பை முதலிலிருந்து தொடங்குவது என்று எழுதி வைத்து, நானும் உடன் பணிபுரியும் தம்பியும் மாறி மாறி விழித்திருந்தோம். பதினெட்டாம் மணியில் 48 இருந்தபோது இணைப்பு திரும்பியது. தேங்கியதெல்லாம் போய்ச் சேர மேலும் ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. அன்றே வேறு பாதையில் வரும் இரண்டாவது இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.

தொலைவு பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஃபைபருக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பதால், போய்வரக் குறைந்தது 10 மில்லிவிநாடி ஆகும். சுற்றுப் பாதைகளும் இடையிலுள்ள கருவிகளும் சேர்ந்து எங்களுக்குக் கிடைத்தது 24. சிறிய எண்தான். ஆனால் கேட் நுழைவுத் திரை ஒன்றைத் திறக்கும்போது எங்கள் நிரல் தரவுத்தளத்தை 140 முறை கேட்டது, ஒன்றன்பின் ஒன்றாக. பக்கத்து அறையில் சர்வர் இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை. 140-ஐ 24-ஆல் பெருக்கினால் மூன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு லாரிக்கு நான்கு திரைகள். எவ்வளவு விலை உயர்ந்த சர்வரை வாங்கினாலும் இந்த நேரம் குறையாது. நிரலையும் கிளவுடுக்கே அனுப்பலாம் என்று ஆலோசித்தோம். எடைமேடையின் கருவியும் கேட்டின் தடுப்புக்கோலும் கம்பி வழியே அதனோடு இணைந்திருந்ததால் அதைத் தள்ளி வைத்தோம். இரண்டு மாதம் செலவிட்டு, அந்தத் திரையின் 140 கேள்விகளை 6 ஆக்கினோம். அத்துடன், இரு இணைப்புகளும் போனாலும் கேட் பதிவுகளை உள்ளூரிலேயே வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும் சிறிய அமைப்பு ஒன்றையும் கட்டினோம். கிளவுட் எங்களை வெள்ளத்திலிருந்து காக்கிறது. அதே நேரத்தில் ஒரு கம்பியை நம்ப வைக்கிறது. இரண்டாவதற்கு வழி செய்யாமல் முதலாவதைக் கொண்டாட எனக்குத் துணிவில்லை.

மாறும் இரவு 2025 பிப்ரவரி 16, ஞாயிறு அதிகாலை இரண்டு மணி. கேட்டில் அச்சிட்ட காகிதச் சிட்டுகளைக் கொடுத்துவிட்டு, பழைய தரவுத்தளத்தை வாசிப்புக்கு மட்டும் என்று பூட்டினோம். புதியது கடைசி மாற்றம் வரை வாங்கிவிட்டதா என்று வால் எண்களை ஒப்பிட்டோம். நான்கு விநாடியில் சமமாகியது. புதிய பதிவுகளுக்கு அடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ்கள் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் வருவதில்லை என்பதால், ஒவ்வொன்றையும் பழைய மதிப்புக்கு ஆயிரம் கூட்டி அமைத்தோம். இல்லையென்றால் முதல் கேட் பாஸே ஏற்கெனவே உள்ள எண்ணோடு மோதும். எந்த வழியில் தேடினால் விரைவு என்று தரவுத்தளம் முடிவுசெய்ய உதவும் புள்ளிவிவரங்களும் வருவதில்லை; அவற்றை முன்னிரவிலேயே சேகரித்து வைத்திருந்தோம். கடைசித் துண்டுகளின் ஹாஷ்களைப் பார்த்தபின், பழைய திசை இணைப்பை நிறுத்தி, எதிர்த் திசையில் மும்பையிலிருந்து மணலிக்கு ஒரு ரெப்ளிகேஷனைத் தொடங்கினோம். திரும்பி வர வேண்டியிருந்தால் ஒரு பதிவும் இழக்காமல் வர அதுவே வழி. 2:38-க்கு முதல் டிரெய்லர் புதிய தரவுத்தளத்தில் பதிவாகியது. காகிதச் சிட்டுகள் மொத்தம் 19. அவற்றை மூன்றரைக்குள் உள்ளிட்டுவிட்டார்கள்.

எதிர்த்திசை இணைப்பை முப்பது நாள் வைத்திருந்து, ஒரு முழு மாதப் பில் சரியாக வெளிவந்ததைக் கணக்குப் பிரிவு உறுதிசெய்தபின் நீக்கினோம். பழைய சர்வரின் டிஸ்குகள் இப்போது முதல் மாடியில் பூட்டி வைக்கப்பட்டுள்ளன. ஔகாரப் பெயர்ப் பட்டியலின் அச்சுப் பிரதி கேட் அறையில் தொங்குகிறது; அந்த ஓட்டுநர்கள் வரும்போது கேட்டில் இருப்பவர் உரிமத்தைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்கிறார். 212-இல் 151 சரியாகிவிட்டன. சிலர் இந்தப் பக்கம் வந்து நெடுநாளாகிறது. அவர்கள் வரும் வரை மீதி 61 பெயர்கள் பழைய பைட்டுகளோடு ஒரு தனிப் பத்தியில், ஒருங்குறி வடிவத்துக்கு அருகிலேயே இருக்கின்றன.